தொட்டுக் கும்பிட ஒரு பட்டன்

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரிந்த விஷயம். ஒரே அறையில் பதினான்கு டைப்ரைட்டர்கள் தடதடவென்று அடிக்க, நடுவில் நின்றுகொண்டு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று பத்து வருஷம் கத்திப் பாருங்கள். அதற்கப்புறமும் நீங்கள் சாந்த சொரூபியாக இருந்தால் வந்து சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வாங்கிப் போட்டவர் எங்கள் முதலாளி. சேத்துப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் பரம்பரையாக நிலபுலத்தோடு இருக்கிற ஜைனக் குடும்பம். அதிர்ந்து பேசமாட்டார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் எங்கே போனாலும் நாலரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். வேலூருக்கு ஒரு மாதம் பஸ்ஸில் போய்வந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, "நம்ம ஊருக்கும் ஒண்ணு வேணுங்கய்யா" என்று அவரை நச்சரித்தவள் நான்தான். அந்த மிஷினில் தப்பாக அடித்ததை அழிக்க ரப்பர் வேண்டாம், தாளை உருவிக் கசக்க வேண்டாம். ஒரு விசையைத் தட்டினால் தப்பு இருந்த இடம் தெரியாமல் போய்விடும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களின் தப்பை சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எனக்கு அதன் மேல் காதல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆறு மாசம் பாப்பம்மா. மொத பேட்ச் ஒழுங்கா முடிஞ்சுதுன்னா மிஷின் இருக்கட்டும். இல்லன்னா இதத் திருப்பிக் குடுத்துட்டு ஜெராக்ஸ் மிஷின் எடுத்துக்கறேன். மெட்ராஸ் கம்பெனில ஒத்துகினாங்க."

ஜெராக்ஸ் வந்தால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும். பழையபடி ஏ எஸ் டி எஃப்தான். நடுவில் யாராவது ரேஷன் கார்டை நீட்டி ரெண்டு காப்பி கேட்பார்கள்.

மிஷினைப் பொருத்த டை கட்டிய ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்தார். படுக்க வைத்த தகரப் பெட்டி ஒன்று, அதன் தலையில் ஒரு சின்ன டிவி. பெட்டியின் வலப்பக்கத்தில், பின்னால் தள்ளி, கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச். அதைப் போட்டால் உயிர் வரும். முன்பக்கத்தில் ஒரு சாவித் துவாரம், 'டர்போ' என்று ஒரு பட்டன், 'ரீசெட்' என்று ஒரு பட்டன். டர்போவை அமுக்கினால் வேகம் கூடும். ரீசெட்டை அமுக்கினால் மிஷின் அதுவரை செய்த வேலையையெல்லாம் மறந்துவிட்டு, அப்போதுதான் பிறந்ததைப் போல முதலிலிருந்து ஆரம்பிக்கும். சதுரமாக, வழவழவென்று, சரியாகக் கை போகிற இடத்தில் அதைப் பதித்து வைத்திருந்தார்கள்.

டை கட்டியவர் பெட்டியின் பின்புறத்தில், மூடி சேரும் இடத்தில், வெள்ளைக் காகித சீல் ஒன்றை ஒட்டினார். "இது கிழிஞ்சா கம்பெனி பொறுப்பில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் எல்லாம் தெரிந்தவள் தோரணையில் தலையாட்டினேன்.

முதல் பேட்ச்சில் ஐந்து பேர். மூன்று பெண்கள், இரண்டு பையன்கள், எல்லோரும் பிளஸ் டூ முடித்தவர்கள். நாலு பேர் வீட்டில் தறி ஓடிற்று. இருந்தது ஒரே மிஷின் என்பதால் ஆளுக்கு ஒரு மணி நேரம். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். அது மட்டும் நான் சொல்லாமலே நடந்தது.

இரண்டாம் நாளே ஆரம்பித்தது பீடை. ஒரு பெண் புத்தகத்தைப் பார்த்து நாற்பது வரி புரோகிராம் அடித்து வைத்திருந்தாள். ஃபிளாப்பியில் இன்னும் ஏற்றவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பி டைப்ரைட்டிங் வகுப்பில் ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். 'பீப்' என்று ஒரு சத்தம். திரும்பினால் திரை கறுப்பு. நாற்பது வரியும் போயே போச்சு. அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர். நான் கரண்டைத் திட்டினேன். மறுநாள் வேறொருவனுக்கு அதே கதி, ஸ்டெபிலைசரைத் திட்டினேன். ஒரு வாரத்தில் பிளக், ஒயர், ஃபிளாப்பி, ஆரணியின் வெயில் எல்லாவற்றையும் திட்டி முடித்தேன். பாடம் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. நான் விரல் விட்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்தாவது நாள் நானே உட்கார்ந்து வருகைப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். தேவிகாபுரத்திலிருந்து வரும் பெண் உள்ளே வந்தாள். அவள் பஸ் என்றைக்கும் லேட்தான். எல்லோரும் வேலையில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் வந்து சேர்வாள். "லேட்டாயிடுச்சு டீச்சர்" என்றாள். என் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். வலது கையின் மூன்று விரல்களால் பெட்டியின் முன்பக்கத்தைத் தொட்டாள். தொட்ட விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பீப்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தறியில் உட்காருவதற்கு முன்னால் தறியைத் தொட்டுக் கும்பிடுவார்கள். பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிடுவார். கடைக்காரர் தராசைத் தொட்டுக் கும்பிடுவார். எங்கள் இன்ஸ்டிட்யூட்டிலேயே பதினான்கு டைப்ரைட்டர்களையும் பத்து வருஷமாகத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். டைப்ரைட்டருக்கு மறதி கிடையாது, அதனால் எனக்கும் தெரியவில்லை. என் அப்பா சர்ச்சில் உபதேசியார். எங்கள் வீட்டில் எதையும் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற வழக்கம் இல்லை. பைபிளைக்கூடத் தூசி தட்டித் திறப்போம், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தும் என் கண்ணில் அது படாமல் போனதற்கு வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஐந்து பேரையும் வரிசையாக நிற்கவைத்துக் கத்தினேன். "இது சாமி இல்ல, மிஷின்! தொடாதீங்க!" என்றேன். தலையாட்டினார்கள். மறுநாள் ஐந்து பேரில் மூன்று பேர் தொட்டார்கள். "கை தானா போவுது டீச்சர்" என்றான் ஒருவன். பெரிய எழுத்தில் 'தொடாதே' என்று எழுதிப் பட்டனின் மேலேயே ஒட்டினேன். அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்; அடியில் பட்டன் அமுங்கிற்று. திரையைத் தொடுங்கள் என்றேன். ஒரு பெண் தொட்டாள், சுரீரென்று இழுத்தது, கை மயிர் சிலிர்த்து நின்றது. அன்றிலிருந்து அவர்களுக்கு மிஷின் மேல் பக்தி இரண்டு பங்காயிற்று. சரி, மேசையைத் தொட்டுத் தொலையுங்கள் என்றேன்.

"மேசை வேல செய்யலியே டீச்சர்" என்றாள் தேவிகாபுரத்துப் பெண்.

நான் போய் டீ குடித்தேன்.

டீக்கடையை ஒட்டினாற்போல், எங்கள் மாடிப்படிக்கு அடியில், ஒரு ரேடியோ மெக்கானிக் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுவதும் அவர்தான். என்ன கேட்டாலும் முடியும் என்பார். முடியாததையும் முடித்துவிட்டு, எப்படி முடித்தோம் என்று அவரே யோசிப்பார். என் கதையைக் கேட்டதும் சால்டரிங் குச்சியைக் கீழே வைத்தார்.

"இதுக்கா பேஜார் ஆயிகினு இருக்கீங்க? பட்டன வேற எடத்துக்கு மாத்திட்டா தீர்ந்துது. ஜல்தியா முடிச்சிடலாம்."

"சீல் ஒட்டியிருக்குங்க. கிழியக்கூடாது."

"கிழிப்பானேன்? ஆவி காட்டினா அதுவா வந்துடும். லெட்டர் பிரிச்சதில்லியா நீங்க?"

நான் பிரித்ததில்லை என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன்.

அமாவாசை வந்தது. ஊரில் அன்றைக்குத் தறி ஓடாது, எங்களுக்கும் வகுப்பு கிடையாது. டீக்கடையிலிருந்து கொதிக்கிற கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் மாடிக்கு வந்தார். சீல் ஆவியில் நனைந்து சுருண்டு கையோடு வந்தது. திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், உள்ள இவ்ளோ காலியா கீது! ஒரு ரேடியோவே வெக்கலாம் போல."

"ஒண்ணும் வெக்க வேணாம். பட்டன் மட்டும்."

பட்டனிலிருந்து இரண்டே இரண்டு மெல்லிய ஒயர்கள் போயின. அதைப் பிரித்து, நீளமான ஒயர் சேர்த்து, பெட்டியின் பின்னால் வெளியே இழுத்து, சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய் வாசல் பக்கம் என் நாற்காலிக்கு மேலே ஒரு சுவிட்சில் முடித்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டுகிற மாதிரி. எனக்குப் பரம திருப்தி. அவர் கடையில் அப்போது இருந்தது ஒரே ஒரு சுவிட்ச்தான்: வெள்ளையாக, வட்டமாக, நடுவில் மணி படம் போட்ட காலிங் பெல் சுவிட்ச்.

அதன் விளைவு மறுநாள் காலை பத்து மணிக்குத் தெரிந்தது. தபால்காரர் வந்தார். பத்து வருஷமாக "போஸ்ட்" என்று கத்திவிட்டு உள்ளே வருகிறவர், அன்றைக்கு நிலைப்படிக்குப் பக்கத்தில் புத்தம் புதிதாக ஒரு பெல் இருப்பதைப் பார்த்தார். மரியாதையாக நின்று அமுக்கினார். மணி அடிக்கவில்லை. சரியாக அமுக்கவில்லையோ என்று இன்னொரு தடவை அமுக்கினார். உள்ளே மிஷின் இரண்டு தடவை செத்துப் பிழைத்தது. பிறகு டீ கொண்டுவருபவர் அமுக்கினார். சேர்க்கை பற்றி விசாரிக்க வந்த ஒரு பெரியவர், பெல் அடிக்காததால் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி நின்றார். ஆரணியில் அந்தக் காலத்தில் காலிங் பெல் வைத்த வீடுகள் கொஞ்சம்தான். கண்ணில் பட்டால் அமுக்காமல் போக யாருக்கும் மனசு வராது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த அமாவாசைவரை எல்லாம் என்னால் பொறுக்க முடியாது என்றதும், ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு நான் வந்த கையோடு மறுபடி கெட்டிலுடன் ஏறினார். இந்தத் தடவை ரீசெட் ஒயரை வெளியே விடவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில், ஒயர்களுக்கு நடுவே, தேடினால்தான் தெரிகிற மாதிரி ஒரு பொடி சுவிட்சில் முடித்தார். முன்பக்கத்துப் பட்டன் இருந்த இடத்திலேயே இருந்தது. அமுக்கினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அதன் பின்னால் ஒயர் எதுவும் இல்லை.

"தொட்டா ஒண்ணுமே ஆவலன்னா பசங்க மனசு கஷ்டப்படும் டீச்சர். ஒரு சின்ன லைட் குடுத்துடறேன். தொட்டா பளிச்சுனு எரியும்."

"வேணாம். மூடுங்க மொதல்ல."

சோற்றுப் பருக்கையைத் தேய்த்து சீலைத் திரும்ப ஒட்டினார். கெட்டில் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. இந்த விஷயம் எனக்கும் அவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்று சொன்னேன். சத்தியமாகத் தெரியாது என்றார்.

அதற்கப்புறம் பாடம் பட்டாகப் போயிற்று. ஐந்து பேரும் வருவார்கள், தொடுவார்கள், கண்ணில் ஒற்றுவார்கள், உட்காருவார்கள். நான் 'தொடாதே' என்ற காகிதத்தைக் கிழித்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு அந்தப் பட்டனுக்குச் சந்தனம் வைத்தார்கள். அதில் பாதி சந்துக்குள் இறங்கி, பட்டன் இரண்டு நாள் உள்ளேயே ஒட்டிக்கொண்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையோ என்று பையன்கள் பயந்தார்கள். ஐந்தாவது மாதம் ஐவரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதினார்கள். புடவையின் உடல் எத்தனை அங்குலம், பார்டர் எத்தனை அங்குலம், அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கொடுத்தால் நீளவாட்டில் ஓடும் பாவுக்கு மொத்தம் எத்தனை இழை வேண்டும் என்று சொல்லும். தேவிகாபுரத்துப் பெண் அந்தக் கணக்கைத் தன் அப்பாவிடம் சரிபார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆறாவது மாதக் கடைசியில் முதலாளி வந்தார். கூடவே டை கட்டியவரும் வந்தார். அவர் கையில் ஜெராக்ஸ் மிஷின் படம் போட்ட வழவழப்பான தாள் இருந்தது. ஐந்து பேரும் இஸ்திரி போட்ட துணியில் நின்றார்கள். முதலில் தேவிகாபுரத்துப் பெண். அன்றைக்குப் பார்த்து பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அவள் குனிந்து பட்டனைத் தொட்டாள்.

"ஐயோ, அது ரீசெட்!" என்று பாய்ந்தார் டை கட்டியவர்.

ஒன்றும் ஆகவில்லை. அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நம்பாமல் தானே ஒரு விரலால் அமுக்கினார். கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு நிதானமாகப் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"மேடம், சீல் தலைகீழா இருக்கு."

பாவி மெக்கானிக் இரண்டு தடவை கழற்றி ஒட்டியவர், ஒரு தடவைகூட எழுத்து எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அடுத்தவர்கள் அடித்ததில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் சுழிக்கிறவள்!

"சீல் பிரிச்ச மிஷின நாங்க திருப்பி எடுத்துக்க முடியாது சார்" என்றார் அவர், முதலாளியிடம். எனக்கு ஒரு நொடி எகிறிக் குதிக்கலாம் போல இருந்தது. அடுத்த நொடி முதலாளியின் முகத்தைப் பார்த்தேன்.

"மிஷின் இருக்கும்மா" என்றார் மெதுவாக. "இதப் பாத்துக்க நீங்க இருக்கணுமான்னுதான் யோசிக்கிறேன். என்னக் கேக்காம ஏன் தொறந்தீங்க?"

அவர் கத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். மெதுவாகக் கேட்டதில் எனக்குள் ஏதோ பிய்த்துக்கொண்டது.

"வேற இன்னா பண்றதுங்கய்யா? இந்த ஊர்ல தொழில் பண்ற பொருளத் தொட்டுக் கும்பிடாம யாரும் ஒக்கார மாட்டாங்க. எங்க கை போவுமோ அங்கியே கொண்டாந்து வெச்சிருக்காங்க அந்தப் பட்டன! நானும் கத்திப் பாத்தேன், எழுதி ஒட்டிப் பாத்தேன். இவங்கள மாத்த முடியல, அதனால மிஷின மாத்தினேன். மாத்தினப்புறம் ஒரு நாள் பாடம் கெடல. அந்தப் பட்டன்ல ஒயரே கெடையாது. அது சும்மா. அமுக்கினா ஒண்ணும் ஆவாது. போதுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் ஐந்து பேரும் எனக்குப் பின்னால் நிற்பது ஞாபகத்துக்கு வந்தது. நாலரை மாதம் அவர்களை ஒரு செத்த பட்டனைக் கும்பிட விட்டிருக்கிறேன். சந்தனம் வேறு வைக்க விட்டிருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"அது எங்களுக்குத் தெரியும் டீச்சர்" என்றாள் தேவிகாபுரத்துப் பெண், நாற்காலியிலிருந்தபடியே. "மெக்கானிக் அண்ணன் அன்னிக்கே டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருந்தாரு."

"தெரிஞ்சுமா தினம் தொட்டீங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்கிற பார்வை.

"தறியத் தொட்டா மட்டும் தறி இன்னா டீச்சர் பண்ணுது? ஒண்ணும் பண்ணாது. ஏதாச்சும் ஆவும்னா தொடறோம்?"

டைப்ரைட்டிங் பக்கம்கூட அடிப்பதை நிறுத்திவிட்டிருந்தார்கள். முதலாளி அவளிடம், "சரி, உங்க புரோகிராமக் காட்டும்மா" என்றார். அவள் அங்குலங்களைக் கொடுத்தாள். திரையில் பச்சை எழுத்தில் இழைக் கணக்கு வந்தது. அவர் தாளில் ஒரு தடவை போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

"அடுத்த பேட்ச்சுக்கு எத்தன பேரு கேட்டிருக்காங்க?"

"எட்டுப் பேருங்கய்யா."

"சேத்துக்குங்க. இனிமே எதக் கழட்டறதுன்னாலும் என்கிட்ட சொல்லிட்டுக் கழட்டுங்க." டை கட்டியவர் நீட்டிய தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் அழுவது எனக்குப் பழக்கம்தான். இது அது இல்லை. பத்து வருஷம் இவர்களுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவள், இவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கிறேன் என்று தோன்றியது. அப்படியிருந்தும் அவர்கள் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. ஒயரைச் சரிபார்க்கிற சாக்கில் மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். ஐந்து பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.